மலைக்கோட்டைக்கு மலைக்கோட்டை பலகைத் தந்தி: நகைச்சுவைக் கற்பனைக் கதையில் தொழில்நுட்பம் எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும்?

பாரமகால் பக்கம் (கிருஷ்ணகிரி)

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் பழைய பெயர் பாரமகால். அதைப் போன்ற ஒரு கற்பனை நாட்டை வைத்து நகைச்சுவைத் தொடர்கதை ஒன்று தயாராகிறது. பன்னிரண்டு மலைக்கோட்டை, பன்னிரண்டு பாளையக்காரர், ஒருவருக்கும் மற்றவரோடு ஒத்துப்போகாது. அங்கே ஒரு தச்சர் பெண் மலைக்கு மலை டவர் கட்டி, பலகையை அசைத்துச் செய்தி அனுப்பக் கிளம்புகிறாள். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் செய்தி அனுப்பும் கிளாக்ஸ் டவர்களைப் படித்தவர்களுக்கு இதன் வேர் புரியும். ஆனால் கிளாக்ஸை நகலெடுப்பது நோக்கமல்ல. அந்தக் கற்பனைக்குப் பின்னால் இருக்கும் உண்மை வரலாற்றிலிருந்து நேராக எடுத்து, நம்ம ஊர் மண்ணில் நடவேண்டும்.

கேள்விகள் இவை. கிருஷ்ணகிரிக் கோட்டையிலிருந்து ராயக்கோட்டைக்கும் தருமபுரிக்கும் இப்படிச் செய்தி அனுப்ப எத்தனை டவர் வேண்டும்? தமிழ் எழுத்து 247ஐயும் பலகையில் காட்ட முடியுமா? இது வந்தால் ஊர் மக்கள் என்ன செய்வார்கள்? உண்மையில் எங்கே எது பழுதானது?

கப்பிக்கயிறு

முதல் கேள்விக்கு என் பதில். டவர் எத்தனை என்பதை மலையின் உயரம் தீர்மானிக்காது, தொலைநோக்கிதான் தீர்மானிக்கும். 100 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் 36 கி.மீ. தள்ளிப் போய்விடும், நம்ம குன்றுகளுக்கு அது தாராளம். சிக்கல் கண்ணில் இருக்கிறது. சாதாரணக் கண் 1 கி.மீ. தூரத்தில் 30 செ.மீ. அளவுள்ளதைத்தான் பிரித்துப் பார்க்கும். ஆக 1 மீட்டர் பலகை 3 கி.மீ. சொச்சத்துக்கு மேல் வெறும் புள்ளி.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி நேர்கோட்டில் 40 கி.மீ.க்கு மேல். தொலைநோக்கி இல்லாத உலகம் என்றால் பதினான்கு பதினைந்து டவர் வேண்டும், டவருக்கு இரண்டு பேர் வீதம் முப்பது பேருக்குச் சோறு போடவேண்டும். 30 மடங்கு பெருக்கிக் காட்டும் குழாய் இருந்தால் 12 கி.மீ.க்கு ஒன்று போதும், இரு முனையையும் சேர்த்து ஐந்தே டவர். அதனால் உங்கள் தச்சர் பெண்ணுக்கு முன்னால் கண்ணாடி தேய்த்து லென்ஸ் செய்பவர் ஒருவர் கதைக்குள் வந்தாக வேண்டும். உண்மை வரலாறும் அந்த வரிசைதான். தொலைநோக்கி 1608இல் நெதர்லாந்தில் வெளிவந்தது, நிறம் சிதறாத கூட்டு லென்ஸ் 1750களின் கடைசியில் லண்டனில் விற்பனைக்கு வந்தது, அதற்குப் பிறகே 1794இல் பாரிஸுக்கும் லீலுக்கும் இடையே கிளாட் ஷாப்பின் முதல் டவர் வரிசை ஓடியது. அதற்கு முன் பெரும்பாலும் தீப்பந்தம்தான். சாதாரணத் தீப்பந்தம் "வந்துவிட்டான்" என்று மட்டும் சொல்லும், யார் வந்தான் என்று சொல்லாது.

ஷாப்பின் டவரில் பலகைகள் கிடையாது, கைகள். நடுவே சுமார் 4.5 மீட்டர் நீள விட்டம், அதன் இரு முனையிலும் சுமார் 2 மீட்டர் கை. எல்லாம் கறுப்பு, ஜன்னல் சட்டம் போல இடைவெளி விட்ட பட்டைகள். இடைவெளி அழகுக்கு அல்ல, காற்றுக்கு. மணிக்கு 54 கி.மீ. வேகக் காற்று 1 சதுர மீட்டர் முழுப்பலகையை 15 கிலோவுக்குக் குறையாமல் தள்ளும். உங்கள் டவரில் அப்படி ஒன்பது பலகை காற்றை மறித்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டை நெல் சட்டத்தின் மேல் சாய்ந்த கணக்கு. தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் டவர் வைத்தால் இதை முதல் அத்தியாயத்திலேயே யோசிக்கணும்.

கையை அசைப்பது கீழே அறைக்குள் இருக்கும் ஒரு குட்டி மாதிரி. அதை எப்படித் திருப்புகிறாரோ, கயிறும் கப்பியும் மேலே இருக்கும் பெரிய கையை அப்படியே திருப்பும். ஆள் தலையை நீட்டி மேலே பார்க்க வேண்டியதில்லை. இதில் வரும் கோளாறு ஈரம். நார்க்கயிறு நனைந்தால் நீளம் குறையும், காய்ந்தால் தளரும். மழை விட்ட காலையில் கீழே மாதிரி நேராக நிற்கும், மேலே கை சாய்ந்திருக்கும். ஆள் தான் சரியாகவே அனுப்புவதாகச் சத்தியம் செய்வார், அடுத்த டவர்க்காரர் வேறு குறியைப் பார்த்ததாகச் சத்தியம் செய்வார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். நகைச்சுவைக்கு இதைவிட நல்ல விதை எது?

கிருஷ்ணகிரி–ராயக்கோட்டை பற்றி ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் நேர் கிழக்கு மேற்காக, 20 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. 1 மீட்டர் பலகை, நல்ல குழாய், குளிர்ந்த காற்று இருந்தால் ஒரே தாவலில் போய்விடும். ஆனால் காலையில் ராயக்கோட்டைக்காரர் குழாய் வழியே உதிக்கும் சூரியனைப் பார்க்க வேண்டிவரும், மாலையில் கிருஷ்ணகிரிக்காரர். மதியம் பாறை சூடேறிக் கானல் எழும்பினால் பலகை தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். மார்கழியில் மூடுபனி. சித்திரையில் காலை 8 முதல் 11, மாலை 4 முதல் சூரியன் தாழும் வரை, அவ்வளவுதான் வேலை நேரம். பாளையக்காரர்கள் எல்லாம் அந்த நேரத்துக்குத் தகுந்தாற்போல் சண்டை போடப் பழகியிருப்பார்கள்.

டவருக்குப் பின்னால் வேறு மலை நிற்கக் கூடாது என்பதையும் மறக்காதீங்க. பின்புறம் வானம் இருந்தால்தான் கறுப்பு தெரியும்.

பழைய ஏடு

இயந்திரத்தை மேலே நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மனிதர்கள் பக்கம் நான் சேர்க்கிறேன், கதை அங்கேதான் இருக்கிறது.

1792இல் பாரிஸின் பெல்வில் பகுதியில் ஷாப் சகோதரர்கள் வைத்த சோதனைக் கருவியை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. புரட்சிக் காலம், சிறையில் இருந்த அரசனுக்குச் சைகை போகிறது என்ற சந்தேகம். ஊருக்கு நடுவே புரியாத மொழியில் கையாட்டும் ஒரு பொருள் நின்றால் மக்கள் தங்களுடைய அன்றைய பயத்தை அதன்மேல் ஏற்றுவார்கள். அந்தப் பயம் எது என்பதுதான் எழுத்தாளர் கண்டுபிடிக்க வேண்டியது.

பாரமகாலில் அந்தப் பயம் அரசனைப் பற்றியதாக இருக்காது, வரியைப் பற்றியதாக இருக்கும். 1792இல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. உடனே கேப்டன் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை போட்டார்கள். உழவரிடமே நேராக வரி வாங்கும், பிற்பாடு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை வேர்விட்டது இங்கேதான், மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் இருந்தார். ஆக உச்சிமலையில் ஒருவர் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றால், கீழே கம்பு விதைத்திருப்பவர் "என் கொல்லையை எண்ணுகிறான்" என்றுதான் நினைப்பார். மந்திரவாதி, பூதம் என்றெல்லாம் மக்களை மூடநம்பிக்கைக்காரர்களாகக் காட்டிச் சிரிக்க வைப்பது மலிவு. வரிக்குப் பயந்து ஒரே இரவில் வரப்பையே மாற்றிப் போடும் ஊரைக் காட்டினால் சிரிப்பும் வரும், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதும் தெரியும்.

பெரிய கருவியை உயரத்துக்கு ஏற்றும் காட்சி வைப்பதானால், வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் நில அளவையைப் பாருங்கள். 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை அது. தஞ்சைச் சமவெளியில் குன்று கிடையாது, தென்னை மறைக்கும், ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் பார்க்கும் வட்டமே நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். நம்ம மாவட்டங்களில் இயற்கையாகவே பாறை உச்சி கிடைக்கிறது, கயிறுக்குப் பதில் படிக்கட்டும் தோளும். அந்தத் தோள்களுக்குக் கூலி யார் கொடுத்தார் என்ற கேள்வியைக் கதை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது மோசடி. ஷாப்பின் வரிசையில் நடு டவர்க்காரர்களுக்குக் குறியின் பொருள் தெரியாது. பார்த்ததை அப்படியே திருப்பிக் காட்டுவது மட்டும் வேலை. கையாளும் நிலைகளில் 92 குறிகள் செய்திக்கு, குறியீட்டுப் புத்தகத்தில் 92 பக்கம், பக்கத்துக்கு 92 வரி. முதல் குறி பக்கம், இரண்டாம் குறி வரி, ஆக 8,464 சொல் அல்லது சொற்றொடர். ரகசியம் காக்க நல்ல ஏற்பாடு. ஆனால் 1834 முதல் 1836 வரை போர்டோ நகரில் பிளாங்க் சகோதரர்கள் இந்த அறியாமையையே வழியாக்கினார்கள். டூர் நகர டவரில் ஒருவருக்குப் பணம் கொடுத்து, அரசுச் செய்திக்கு நடுவே ஒரு தவறான குறியையும் உடனே "அழி" என்ற குறியையும் போடவைத்தார்கள். செய்தி கெடவில்லை. அந்தத் தவறு மட்டும் போர்டோ வரை பயணம் செய்தது, அங்கே அவர்களுடைய ஆள் குழாயால் பார்த்து, பாரிஸ் சந்தையில் அரசுப் பத்திரம் ஏறியதா இறங்கியதா என்று தபால் வண்டிக்கு முன்பே தெரிந்துகொண்டார். பிடிபட்டபோது தண்டிக்கத் தகுந்த சட்டம் இல்லை, ஆகவே விடுதலை. 1837இல்தான் தந்தியை அரசு ஏகபோகமாக்கும் சட்டம் வந்தது.

கிளாக்ஸ் கதையில் தனியார் கும்பல் ஒன்று டவர்களைக் கைப்பற்றி, பராமரிப்பை நிறுத்தி, ஆட்கள் விழுந்து சாகும்வரை ஓட்டுகிறது. அதற்கு முன்மாதிரி ஷாப் அல்ல, ஷாப்பின் வரிசை அரசுடையது. 1840களின் பிரிட்டிஷ் ரயில்வே வெறிதான் நெருங்கிய உறவு. 1846இல் மட்டும் 250க்கும் மேல் ரயில்வே சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின, பல பாதைகள் காகிதத்தோடு நின்றன. நல்ல நகைச்சுவைக் கற்பனை ஒரே வரலாற்றை எடுப்பதில்லை. இயந்திரத்தை ஒரு காலத்திலிருந்தும் பேராசையை இன்னொரு காலத்திலிருந்தும் எடுத்து ஒட்டுகிறது.

பாரமகால் பக்கம் (கிருஷ்ணகிரி)

இருவருக்கும் நன்றி. வரி விஷயம் கதையின் முதுகெலும்பாகவே ஆகிவிடும் போல. டவரிலிருந்து விழுந்து இறப்பவர் ஒருவர் கதையில் இருக்கிறார். கிளாக்ஸில் இறந்தவர்களின் பெயரை நிற்காமல் டவருக்கு டவர் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதை எடுக்காமல் அந்தக் கனத்தை எப்படிக் கொண்டுவருவது? தமிழ் எழுத்துக் கேள்வியும் நிற்கிறது.

கல்லும் உளியும் (தருமபுரி)

அந்தக் கனத்துக்கு வெளியே போகவே வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் எங்கே திரும்பினாலும் நடுகல். தருமபுரி அகழ்வைப்பகத்திலேயே வரிசையாக நிற்கின்றன. ஆநிரை மீட்டு இறந்தவருக்குக் கல், அதில் அரசன் பெயர், ஆண்டு, இன்னாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறு (மாட்டுக்கூட்டம்) மீட்டுப் பட்டான் என்று நாலைந்து வரி. எழுத்துச் சிக்கனத்தைப் பார்த்தால் தந்தி மாதிரியேதான் இருக்கும். செங்கம் அருகே எடுத்தனூரில் தலைவன் இறந்த பின்னும் காவல் காத்த கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்தே பல்லவர் காலத்தில் கல் எடுத்திருக்கிறார்கள். டவர் அடியில் ஒரு நடுகல், அதில் இறந்தவரின் கைகள் கடைசியாகக் காட்டிய குறியின் நிலையில். படிப்பவருக்கு விளக்கமே வேண்டியதில்லை.

நகைச்சுவை முறைக்கும் நம்மிடமே மூத்த பாட்டி இருக்கிறார். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்துப் பாடியது புறநானூறு 95. உன் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. வார்த்தைக்கு வார்த்தை புகழ்ச்சி, ஆனால் தொண்டைமானுக்கு வியர்த்திருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, ஔவை தொழில்நுட்பத்தைப் பராமரிப்பின் வழியாகப் பார்க்கிறார். பயன்படும் கருவி பட்டறையில்தான் கிடக்கும். உங்கள் கதையில் ஒரு பாளையக்காரரின் டவர் மட்டும் எண்ணெய் போட்டு, பட்டுத்துணி கட்டி, பொட்டு வைத்து மின்னட்டும். எந்த டவர் செய்தி அனுப்புவதில்லை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

புதுத் தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்து நம்மவர் வாய்பிளப்பதாக மட்டும் எழுதிவிடாதீங்க. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அதியமானின் முன்னோரைப் புறநானூறு 99 சொல்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டது. தச்சர் பெண்ணுக்குக் கப்பி அச்சு அடித்துக் கொடுக்கும் கொல்லர் நாலாயிரம் ஆண்டு அனுபவத்தின் மிடுக்கோடு பேசலாம்.

கப்பிக்கயிறு

தமிழ் எழுத்துக் கணக்கு. பலகை முறை ஷாப்புடையது அல்ல. பிரிட்டிஷ் கடற்படை 1796இல் ஆறு பலகை வைத்தது, ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ, ஆக 64 நிலை. ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்குப் போதாது. எட்டுப் பலகை என்றால் 256. நம்ம எழுத்து 247 போக மீதம் ஒன்பது. அந்த ஒன்பதில்தான் "தயார்", "அழி", "மறுபடி", "முடிந்தது" எல்லாம் அடங்கணும். கச்சிதமாகத் தோன்றும், ஆனால் அதுதான் பொறி. ஜ, ஷ, ஸ, ஹ ஒவ்வொன்றும் உயிரோடு சேர்ந்து பதின்மூன்று வடிவம், மொத்தம் 52. இடமே இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழியாக உள்ள ஊரில், தன் பெயரையே அனுப்ப முடியாத டவரை யார் விடுவார்? கிரந்தம் வேண்டும், வேண்டாம் என்று பன்னிரண்டு கோட்டையும் இரண்டாகப் பிரியும்.

என் யோசனை ஒன்பது பலகை, மூன்றுக்கு மூன்று. ஐந்து பலகை மெய்க்கு, நாலு பலகை உயிருக்கு. ஐந்தில் 32 நிலை: மெய் 18, தனி உயிருக்கு ஒன்று, ஆய்தம் ஒன்று, மீதி 12. கிரந்தம் தாராளமாக உட்காரும். நாலில் 16 நிலை: உயிர் 12, புள்ளி ஒன்று, மீதி 3. ஆள் மனப்பாடம் செய்ய வேண்டியது 247 அல்ல, 33 மட்டும். தொல்காப்பியர் வகுத்த உயிர்மெய் முறையே இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரே ஒரு பலகை கூடுதல், சண்டை தீர்ந்தது. அந்த ஒரு பலகைக்கான மரச்செலவை யார் ஏற்பது என்பதில் அடுத்த சண்டை தொடங்கட்டும்.

இது ஏட்டுக் கணக்கும் அல்ல. சுவீடனில் எடெல்கிராண்ட்ஸ் செய்த கருவி இதே மூன்றுக்கு மூன்று, உச்சியில் பெரிதாகப் பத்தாவது, மொத்தம் 1,024 நிலை. அவர் கவிஞர். 1794 நவம்பர் 1இல் அதில் போன முதல் செய்தி, அரசனின் பிறந்தநாளுக்கு அவர் எழுதிய கவிதை.

பழைய ஏடு

அருமையான கணக்கு. ஒரு சந்தேகம். ஒரு பலகை காற்றில் சிக்கிக்கொண்டால் குறில் நெடிலாகிவிடாதா? "படை வருகிறது" என்று அனுப்பியது "பாடை வருகிறது" என்று போய்ச் சேர்ந்தால் எதிர்முனையில் பறை அடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

கப்பிக்கயிறு

அதற்கு வழி இருக்கிறது. குறிலுக்கும் அதன் நெடிலுக்கும் நாலு பலகையும் நேரெதிராக வைங்க. அ என்றால் மூடி-திற-திற-திற, ஆ என்றால் திற-மூடி-மூடி-மூடி. 16 நிலையில் இப்படி எட்டு ஜோடி இருக்கிறது. ஐந்து குறில்–நெடில் ஜோடி, ஐ–ஔ ஒரு ஜோடி, புள்ளிக்கு இன்னொன்று, போதும். நாலும் சேர்ந்து சிக்கினால் ஒழிய படை பாடை ஆகாது. ஆனால் ஒரு பலகை சிக்கி அ இன்னோர் உயிராக மாறுவதை இது தடுக்காது.

அதற்குத்தான் உச்சியில் பத்தாவது பலகை. எடெல்கிராண்ட்ஸ் அதை வேறு வேலைக்கு வைத்தார், இங்கே அதைச் சரிபார்ப்புக்கு வைக்கலாம். கீழே மூடிய பலகை ஒற்றைப்படை என்றால் உச்சிப் பலகை மூடணும், இரட்டைப்படை என்றால் திறக்கணும். பார்ப்பவர் மூடியதை எண்ணுவார், மொத்தம் எப்போதும் இரட்டையாக வரும். வரவில்லையா, எங்கோ ஒன்று சிக்கியிருக்கிறது. அவர் திருப்பிக் காட்டமாட்டார், "மறுபடி" என்று கேட்பார்.

உச்சிப் பலகையே சிக்கிக்கொண்டால்? கீழே ஒன்பதும் சரியாக இருக்கும், ஆனால் ஏறக்குறைய பாதிக் குறிகளை அடுத்த டவர் ஏற்காது. "மறுபடி" வரும், இவர் அதே குறியை இன்னும் அழுத்தமாகப் போடுவார், மறுபடியும் "மறுபடி". கீழே குட்டி மாதிரியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதால் அறைக்குள் இருப்பவருக்குத் தன் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. 20 கி.மீ. தள்ளி இருப்பவருக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லக் குறியீட்டுப் புத்தகத்தில் ஒரு வரி வேண்டும்: "உன் உச்சிப் பலகை சிக்கியுள்ளது, ஏணி போடு." அந்த வரியை முதல் பக்கத்திலேயே எழுதிவைங்க.